ஜான் வென்: தர்க்கத்தைப் படமாக்கிய பண்டிதர்

கணித பாடத்தில் கணங்களைப் பற்றிப் படிக்கும் நமது மாணவர்கள் யாவரும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரண்டு வட்டங்களை வரையக் கற்கின்றனர். ஒரு வட்டத்திற்குள் ஒரு கூட்டம். மற்றதற்குள் வேறொரு கூட்டம். நடுவில் கண் போன்ற வடிவில் விழும் இடத்தில் இரண்டிலும் சேர்ந்தவர்கள். இதனையே கணங்களின் வெட்டு என்று பாட புஸ்தகங்கள் கூறுகின்றன. படத்திற்கு வென்படம் என்று பெயர். வென் என்பதைத் தமிழ்ச் சொல்லாக எண்ணி, வெல்லுதல் என்ற வினையோடு பொருத்திப் பார்க்கும் பிள்ளைகளும் இருக்கக்கூடும். அஃது ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் தோன்றி, 88 வயது வரை வாழ்ந்து, 1923-ல் மறைந்த ஜான் வென் என்னும் பண்டிதருடைய சரித்திரம் அவருடைய வட்டங்களைப் போல எங்கும் பரவவில்லை. அந்த வட்டங்களை வரைவதற்கு அவர் கையாண்ட முறைக்கும், தமது வாழ்க்கையின் நடுவில் அவர் செய்த ஒரு காரியத்திற்கும் நெருங்கிய ஒற்றுமை உண்டு என்பது நமது அபிப்பிராயம். ஆகவே இரண்டையும் சேர்த்தே இங்கு எழுதப் புகுகின்றோம்.

ஜான் வென் 1834-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 4-ந் தேதி இங்கிலாந்தின் கீழ்க்கரையை அடுத்த ஹல் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தையார் ஹென்றி வென் அப்போது அந்நகரின் டிரைபூல் பகுதியிலிருந்த தேவாலயத்தின் குரு. பாட்டனாரும் குரு, அவர் பெயரும் ஜான் வென். அவர் லண்டனை அடுத்த கிளாபம் என்னும் ஊரில் ஊழியம் செய்த காலத்தில், அடிமை வியாபாரத்தை ஒழிக்க வேண்டுமென்று பார்லிமெண்டில் போராடிய வில்பர்போர்ஸ் முதலியோர் அவரைச் சூழ்ந்து ஒரு கோஷ்டியாக விளங்கினர். 1807-ல் அந்த வியாபாரம் பிரிட்டிஷ் சட்டத்தினால் தடுக்கப்பட்டதில் அக்கோஷ்டிக்குப் பெரும் பங்கு உண்டு. பாட்டனாரின் தந்தையும் பெயர் பெற்ற குருவே. நம் நாட்டில் சில குடும்பங்களில் வேத அத்தியயனம் தலைமுறை தலைமுறையாக வருவது போல, வென் குடும்பத்தில் குருப்பட்டம் வழிவழி வந்தது. பிள்ளை என்ன தொழிலுக்குப் போவான் என்ற கேள்வியே அவ்வீட்டில் எழுந்திராது.

தந்தையார் ஹென்றி வென்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிச் செல்வது தகும். அவர் 1841 முதல் சுமார் முப்பது வருஷ காலம் சர்ச் மிஷனரி சொஸைட்டியின் காரியதரிசியாக இருந்தார். திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவ சபைகளையும் பள்ளிகளையும் நடத்திவந்த சங்கங்களில் அதுவும் ஒன்று. அயல் நாடுகளில் ஏற்படும் சபைகள் என்றென்றும் வெள்ளைக்காரக் குருமாரின் கையை எதிர்பார்த்து நிற்கலாகாது, அந்தந்த நாட்டாரே அவற்றை ஆளவும், தம் பொருளைக் கொண்டே நடத்தவும், தாமே பரப்பவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆப்பிரிக்கரான சாமுவேல் கிரௌதர் 1864-ல் பிஷப்பாக நியமனம் பெற்றதற்கு அவருடைய முயற்சி முக்கிய காரணம். அந்தக் காலத்து ஆங்கிலேயரில் இவ்வாறு எண்ணியவர் மிகச் சிலரே. ஆனால் தம் இல்லத்தில் அவர் கண்டிப்பு மிகுந்தவர். தாயார் மார்த்தா சிறு பிராயத்திலேயே காலஞ்சென்றுவிட, ஜான் அந்தக் கண்டிப்பின் கீழே வளர்ந்தார்.

ஹைகேட்டிலும் இஸ்லிங்டனிலும் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு, 1853-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கான்வில்-கீஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1857-ல் கணிதப் பரீட்சையில் ஆறாவது ஸ்தானம் பெற்று, அந்த வருஷமே கல்லூரியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவி அவருக்கு ஆயுள் முடிய நிலைத்தது. குடும்ப வழக்கம் வழுவாமல் 1858-ல் உபகுருவாகவும், 1859-ல் குருவாகவும் பட்டம் ஏற்றார். செஷண்ட், மார்ட்லேக் என்ற ஊர்களில் சிறிது காலம் உதவிக் குருவாக வேலை பார்த்தார். பிறகு 1862-ல் கேம்பிரிட்ஜுக்கே திரும்பி, தர்க்கமும் தத்துவமும் போதிக்கும் ஆசிரியரானார். குருப்பட்டம் மட்டும் அவரோடு இருந்தது.

இந்தச் சமயத்தில் அவர் ஊன்றிப் படித்தவை மில், டிமார்கன், பூல் ஆகியோரின் நூல்கள். இவர்களில் அகஸ்டஸ் டிமார்கன் நம்மவர் அறிய வேண்டியவர். ஏனெனில் அவர் 1806-ல் மதுரையில் பிறந்தார். தந்தை கும்பினிப் பட்டாளத்தில் உத்தியோகஸ்தர். கைக்குழந்தையாகவே சீமைக்குக் கொண்டு செல்லப்பட்டமையால் மதுரையைப் பற்றிய நினைவு அவருக்கு இருந்திருக்க முடியாது. இரண்டு கணங்களின் வெட்டில் சேராதவர் யாரெனில், அவ்விரண்டில் ஏதேனும் ஒன்றிலாவது சேராதவரே என்னும் விதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. கேம்பிரிட்ஜில் எம். ஏ. பட்டம் பெறுவதற்கு மத விதிகளை ஒப்புக்கொள்ள வேண்டுமென்ற நிர்ப்பந்தம் அந்நாளில் இருந்தது. டிமார்கன் அதற்கு இணங்காமல் பட்டத்தையே விட்டுவிட்டு, மதச் சோதனையின்றி லண்டனில் தொடங்கப்பட்ட புதிய கலாசாலையில் 1828-ல் கணித ஆசிரியராக அமர்ந்தார். ஜார்ஜ் பூல் என்பவரோ, கூட்டல் பெருக்கல் போலவே தர்க்கத்தையும் குறிகளால் நடத்தலாம் என்று 1854-ல் வெளியிட்ட நூலில் காட்டியவர். பூலின் குறிகளைக் கண்ணுக்குப் புலப்படும்படி செய்ததுதான் வென்னின் வேலை.

அதற்கு முன்பே அவருக்குப் பெயர் தேடித் தந்தது 1866-ல் வெளிவந்த சந்தர்ப்ப தர்க்கம் என்னும் நூல். நிகழ்தகவு என்பது மனத்தின் நம்பிக்கையை அளப்பதன்று, ஒரே வகையான சம்பவங்கள் நெடுந்தொடராக நடக்கையில் குறித்த முடிவு எத்தனை தடவை நேர்கிறது என்ற விகிதமே என்று அந்நூலில் அவர் வாதித்தார். அதன் 1888-ம் வருஷப் பதிப்பில் ஒரு விநோதமான படம் இருக்கிறது. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை ஷாங்க்ஸ் என்பவர் 707 தசம ஸ்தானங்கள் வரை கணக்கிட்டிருந்தார். அந்த இலக்கங்களில் 8, 9 இரண்டையும் நீக்கி, 0 முதல் 7 வரை உள்ளவற்றை எட்டுத் திசைகளாக வைத்து, ஒவ்வோர் இலக்கத்திற்கும் ஓர் அடியாக வென் கோடு போட்டுக்கொண்டே சென்றார். குடிபோதையில் நடப்பவனுடைய பாதை போல ஒரு கோலம் கிடைத்தது. ஒழுங்கின்மை எப்படி இருக்கும் என்பதை அவர் கண்ணால் காண விரும்பினார். ஷாங்க்ஸின் கணக்கு 527 ஸ்தானங்களுக்கு மேல் தவறு என்பது வென் மறைந்த பின், 1940-க்குப் பிறகுதான் வெளியாயிற்று. கோலத்திற்கு அதனால் பங்கமில்லை.

இனி வட்டங்களின் விஷயத்திற்கு வருவோம். வட்டங்களைத் தர்க்கத்தில் முதன்முதல் பயன்படுத்தியவர் வென் அல்லர். ஸ்விட்ஜர்லாந்தில் பிறந்த கணித மேதை ஆய்லர், ஜெர்மானிய ராஜகுமாரி ஒருத்திக்குப் பாடமாக எழுதிய கடிதங்களில் வட்டங்களைக் கையாண்டார். அவை 1768 முதல் அச்சில் வந்தன. ஆய்லரின் முறை எளிது. குதிரைகள் யாவும் மிருகங்கள் என்று சொல்ல வேண்டுமானால், குதிரை வட்டத்தை மிருக வட்டத்திற்குள் முழுமையும் அடக்கி வரைவது. எந்தக் குதிரையும் பறவையன்று என்றால், இரண்டு வட்டங்களையும் தனித்தனியே எட்ட வைப்பது. பார்த்தவுடன் விளங்கும். ஆனால் இம்முறையில் ஒரு குறை உண்டு. படம் போடுகிறவன் இரண்டு கூட்டங்களுக்கும் உள்ள உறவு இன்னதென்று முன்னதாகவே தீர்மானித்துவிட வேண்டும். பாதி விஷயம் மட்டும் தெரிந்திருக்கும்போது அந்தப் பாதியை மட்டும் படத்தில் காட்ட வழியில்லை. முதல் வட்டத்தில் உள்ளவர் யாவரும் இரண்டாவதிலும் உளர் என்ற செய்தி கிடைத்தால், இரண்டும் ஒரே கூட்டமா, ஒன்று சிறிதா என்பது தெரியாமலே ஒன்றைச் சிறிதாக வரைய நேர்கிறது. சாட்சி சொல்லாததைப் படம் சொல்லிவிடுகிறது.

1880-ம் வருஷம் ஜூலை மாதம் ஒரு விஞ்ஞான சஞ்சிகையில் வெளியான கட்டுரையிலும், மறு வருஷம் வெளியான குறியீட்டுத் தர்க்கம் என்ற நூலிலும் வென் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினார். என்ன செய்தி கிடைத்திருக்கிறது என்பதைப் பாராமலே வட்டங்களை முதலில் போட்டுவிட வேண்டும். அதுவும் எல்லா விதமான சேர்க்கைக்கும் இடம் கிடைக்கும்படி ஒன்றையொன்று வெட்டுமாறு போட வேண்டும். இரண்டு வட்டமானால், வெளியிடத்தையும் சேர்த்து நான்கு அறைகள். மூன்று வட்டமானால் எட்டு. ஒவ்வோர் அறையும் காலி மனை போல நிற்கும். அதில் யாராவது இருக்கிறார்கள் என்றோ இல்லை என்றோ படம் எதுவும் பேசாது. அப்பால் செய்தி ஒவ்வொன்றாக வரும்போது, எந்த அறையில் எவரும் இருக்க முடியாதென்று அந்தச் செய்தி கூறுகிறதோ அந்த அறையை மட்டும் கோடிட்டுக் கறுப்பாக்க வேண்டும். எல்லாச் செய்திகளும் தீர்ந்த பின் வெண்மையாக மிஞ்சியதே சாத்தியமானவற்றின் எல்லை.

ஓர் உதாரணத்தால் விளக்குவோம். அதை வென் வாழ்ந்த உலகத்திலிருந்தே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்துத் திருச்சபையின் குருமார் ஒரு வட்டம். அச்சபையின் கொள்கைகளைக் கூறும் 39 விதிகளுக்குச் சம்மதம் கொடுத்தவர்கள் இரண்டாவது வட்டம். அவ்விதிகளைப் பற்றி மனத்தில் ஐயம் உடையவர்கள் மூன்றாவது வட்டம். குருமார் யாவரும் சம்மதம் கொடுத்தவர்கள் என்பது முதல் வாக்கியம். அதன்படி, குருமார் வட்டத்தில் சம்மத வட்டத்திற்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பாகம் முழுவதும், அதாவது இரண்டு அறைகள், கறுப்பாகின்றன. சம்மதம் கொடுத்தவர் எவருக்கும் ஐயம் இல்லை என்பது இரண்டாவது வாக்கியம். சம்மத வட்டமும் ஐய வட்டமும் வெட்டிக்கொள்ளும் இரண்டு அறைகளும் இதனால் கறுப்பாகின்றன. இப்போது குருமார் வட்டமும் ஐய வட்டமும் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள். அதிலுள்ள இரண்டு அறைகளில் ஒன்றை முதல் வாக்கியம் மூடிவிட்டது. மற்றதை இரண்டாவது வாக்கியம் மூடிவிட்டது. ஆகவே ஐயமுடைய குரு எவரும் இல்லை என்ற முடிவு, ஒரு வார்த்தையும் பேசாமல் காகிதத்தின் மேலேயே தோன்றிவிட்டது. எட்டு அறைகளில் நான்கு மூடின, நான்கு திறந்திருக்கின்றன. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து மாணவர்கள் மனப்பாடம் செய்து வந்த அனுமான வகைகள் இவ்விதமே கையால் கோடிழுக்கும் வேலையாக முடிந்துவிடுகின்றன.

தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால் இரண்டாவது வாக்கியம் உண்மைதானா? இந்தப் படம் நமது கற்பனையே; வென் இதை வரையவில்லை. எனினும் சட்டம் கறுப்படித்து மூடிவைத்த அந்த அறையில், 1880-ல், இங்கிலாந்தின் படித்த குருமாரில் பலர் நின்றுகொண்டிருந்தார்கள் என்பதும், ஜான் வென் அவர்களில் ஒருவர் என்பதும் மெய்.

அவருடைய மனமாறுதல் திடீரென்று வந்ததன்று. 1869-ல் கேம்பிரிட்ஜில் ஹல்ஸ் தர்மப் பிரசங்கங்களைச் செய்யும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தபோது, விஞ்ஞானத்தில் நம்பிக்கை எவ்வாறு பிறக்கிறது, மதத்தில் எவ்வாறு பிறக்கிறது என்பதையே அவர் பொருளாக எடுத்துக்கொண்டார். அதற்கு மறு வருஷம், 1870-ல், குருப்பட்டம் ஏற்றவர் அதைச் சட்டப்படி துறந்துவிடுவதற்கு வழி செய்யும் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறிற்று. அதற்கு முன் அந்தப் பட்டம் ஒருமுறை ஏறினால் இறங்காது. 1871-ல் சர்வகலாசாலைகளின் மதச் சோதனைகளும் பெரும்பாலும் நீக்கப்பட்டன. வென்னின் அத்தை மகன் லெஸ்லி ஸ்டீபன், அவரும் கேம்பிரிட்ஜில் குருப்பட்டம் பெற்றவர், 1875-ல் அந்தச் சட்டத்தைக் கொண்டு பட்டத்தைத் துறந்தார். வென் இன்னும் எட்டு வருஷம் பொறுத்திருந்தார்.

தந்தையார் 1873-ல் காலமாகிவிட்டார். மகன் துறந்தது அதற்குப் பத்து வருஷத்திற்குப் பின், 1883-ல். தலைமுறை தலைமுறையாக வந்த குருத்துவம் அந்த வருஷத்தோடு அவர் அளவில் முடிந்தது. கிறிஸ்தவ பக்தியை அவர் விடவில்லை. தேவாலயத்திற்குச் செல்வதையும் விடவில்லை. 39 விதிகளைத் தாம் கொண்ட பொருளோடு குருப்பட்டத்தையும் வைத்துக்கொள்வது நேர்மையன்று என்பதே அவர் கருத்து. இதனால் அவருக்கு வேலை போகவில்லை, வருமானம் குன்றவில்லை. ஆகவே இதை மகத்தான தியாகமென்று வர்ணிப்பது மிகையாகும். ஆனால் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலும் அவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவரைப் போல் எண்ணிய எத்தனையோ பேர் அப்படியே இருந்துவிட்டார்கள். பிற்காலத்தில், விதிகளுக்குப் பொருள் கொள்வதில் பொது அபிப்பிராயம் தளர்ந்துவிட்டபடியால், தாம் பட்டத்தை வைத்துக்கொண்டே இருந்திருக்கலாம் என்று அவருக்கே தோன்றியதாக அறிகிறோம். அதனால் 1883-ல் செய்தது தவறாகிவிடாது. அன்று கையில் இருந்த செய்திகளுக்குத் தக்கபடி அவர் கோடு கிழித்தார். அந்த வருஷமே ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மற்றோர் அத்தை மகனைப் பற்றிச் சொல்லாமல் விட நமக்கு மனம் வரவில்லை; சட்டம் படித்தவன் அந்தப் பெயரைத் தாண்டிச் செல்வது கடினம். லெஸ்லியின் தமையனார் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் இந்தியாவில் வைஸ்ராயின் சட்ட மந்திரியாக இருந்து, 1872-ம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தை எழுதியவர். 2024-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி புதிய சட்டம் அமலுக்கு வரும் வரையில், நம் நாட்டின் கச்சேரிகள் யாவும் அதன்படியே நடந்தன. அந்தச் சட்டம் ஒரு சங்கதியை மூன்று நிலைகளில் வைத்தது: ருசுவானது, பொய்யென்று ருசுவானது, ருசுவாகாதது. மூன்றாவது நிலையைத் தனியாகப் பெயரிட்டு வைத்ததில்தான் ஸ்டீபனுடைய கூர்மை இருக்கிறது; புதிய சட்டமும் அம்மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது. ருசுவாகாதது பொய்யென்று ஆகிவிடாது. எட்டு வருஷம் கழித்து அத்தை மகனுக்கு மாமன் மகன் வரைந்த படத்திலும் கறுப்பு அறை இல்லாததையும், வெண்மை அறை இன்னும் தெரியாததையும் குறிக்கின்றன. இங்கே ஆள் இருக்கிறது என்று நிச்சயமாகக் காட்டும் அடையாளத்தை மற்றவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். குழந்தைகளுக்கு அற்புதக் கதைகள் எழுதிய லூயி காரல், 1886-ல் வெளியிட்ட தர்க்க விளையாட்டில் சிவப்புக் காயை இருப்புக்கும், சாம்பல் நிறக் காயை வெறுமைக்கும் வைத்தார். ஒருவர் முறையை மற்றவர் பார்த்துச் செய்தார் என்று நாம் கூறவில்லை. ஒரே வீட்டுப் பழக்கம் இரண்டு சாஸ்திரங்களில் வெளிப்பட்டது போலும் என்று மட்டும் தோன்றுகிறது.

வட்டங்களுக்கு ஒரு வரம்பு உண்டு. கூட்டங்கள் நான்கானால் 16 அறைகள் வேண்டும். ஆனால் நான்கு வட்டங்களை எப்படித் திருப்பிப் போட்டாலும் 14 அறைகளுக்கு மேல் கிடைக்கா. ஏனெனில் இரண்டு வட்டங்கள் இரண்டு புள்ளிகளுக்கு மேல் வெட்டிக்கொள்ளா. புதிதாக வரும் நான்காவது வட்டம் முந்திய மூன்றையும் மிஞ்சிப் போனால் ஆறு இடங்களில் வெட்டும். எட்டு அறைகளோடு ஆறு சேர்ந்தால் பதினான்கு. இதை அறிந்த வென் நான்குக்கு நீள்வட்டங்களை உபயோகித்தார். ஐந்துக்கு 32 அறைகள். அங்கே நீள்வட்டமும் உதவாதென்று அவர் எண்ணினார். நடுவில் துளையுள்ள ஒரு வடிவத்தை ஐந்தாவதாக வைத்து ஒருவாறு சமாளித்தார். ஆனால் கண்ணால் பார்த்தவுடன் விளங்கும் என்ற லாபம் அதில் போய்விட்டது.

நான்கு கூட்டங்களுக்கு ஒரு யந்திரமும் செய்தார். ஒவ்வோர் அறைக்கும் ஒரு மரத்துண்டு. கறுப்பாக்க வேண்டிய துண்டைக் கீழே விழச் செய்துவிடலாம். ஜெவான்ஸ் என்னும் பண்டிதர் பியானோ வாத்தியத்தைப் போன்ற தர்க்க யந்திரம் ஒன்றை அதற்கு முன்பே செய்து காட்டியிருந்தார். இத்தகைய யந்திரங்களால் சிந்தனைக்குப் பெரிய உதவி கிடைக்குமென்று வென் நம்பவில்லை. தர்க்கத்தில் கஷ்டமான வேலை வாக்கியங்களைச் சரியாக அமைப்பதும், முடிவுக்குப் பொருள் காண்பதும்தான், நடுவில் உள்ள கணக்கு அற்பம் என்று அவர் நினைத்தார். இன்று நடுவில் உள்ள கணக்கையே கோடிக்கணக்கில் செய்து உலகத்தை நடத்தும் யந்திரங்களை அவர் பார்த்திருந்தால் என்ன கூறியிருப்பாரோ! ஆனால் யந்திரம் செய்வதில் அவருக்கு ஆசை குறையவில்லை. கிரிக்கெட் பந்து எறியும் யந்திரம் ஒன்று செய்திருந்தார். 1909-ல் ஆஸ்திரேலிய கோஷ்டியார் கேம்பிரிட்ஜுக்கு வந்தபோது, அவர்களுடைய சிறந்த ஆட்டக்காரர் ஒருவரை அது நான்கு தடவை ஆட்டமிழக்கச் செய்ததாம்.

1889-ல் அனுபவத் தர்க்கத்தைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்ட பிறகு, தர்க்கத்திலிருந்து அவர் மெல்ல விலகினார். அதற்கு முந்திய வருஷமே, வெகு காலமாகச் சேர்த்து வைத்திருந்த சுமார் ஆயிரம் தர்க்க நூல்களைச் சர்வகலாசாலையின் நூல் நிலையத்திற்குக் கொடுத்துவிட்டார். பிறகு அவரைப் பற்றிக்கொண்டது சரித்திர ஆராய்ச்சி. தமது கல்லூரியில் படித்தவர் ஒவ்வொருவரின் வரலாற்றையும் தேடித் திரட்டி 1897 முதல் வெளியிட்டார். அது போதாதென்று, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை தொடங்கிய நாள் முதல் 1900 வரை அங்கே படித்தவர் அனைவரின் ஜாபிதாவையும் தயாரிக்கப் புகுந்தார். முதல் பாகம் 1922-ல் அச்சேறத் தொடங்கியபோது அவருக்கு 87 வயது. 1867-ல் அவர் மணந்துகொண்ட ஸூஸன்னாவின் வயிற்றில் பிறந்த ஒரே மகன் ஜான் ஆர்ச்சிபால்ட் வென் அதில் தந்தைக்குக் கூட்டாளி. பத்து வால்யூம்களும் வெளிவந்து முடிந்தது 1954-ல். இன்னார் இந்தக் கல்லூரி, இன்னார் இந்த வருஷம், இன்னார் குருப்பட்டம் பெற்றவர் என்று லக்ஷக்கணக்கான பெயர்களைப் பகுத்து வைத்த அந்த ஜாபிதாவும் ஒருவகையில் கணங்களின் வேலையே. படம் மட்டும் இல்லை. 1903 முதல் கல்லூரியின் உப தலைமைப் பதவியை வகித்திருந்த ஜான் வென், 1923-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 4-ந் தேதி கேம்பிரிட்ஜில் காலமானார்.

அந்தப் படங்களுக்கு வென்னே தம் பெயரைச் சூட்டிக்கொள்ளவில்லை. அமெரிக்கத் தர்க்கவாதி லூயிஸ் 1918-ல் எழுதிய நூலில் அப்பெயரை வழங்கினார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பள்ளிக்கூடக் கணிதத்தில் கணங்கள் புகுந்தபோது அது உலகமெங்கும் சென்றது. ஐந்துக்கு நீள்வட்டம் உதவாதென்று வென் எண்ணியது சரியன்றென 1975-ல் கிரன்பாம் என்பவர் ஒரே அளவான ஐந்து நீள்வட்டங்களை வரைந்து காட்டினார். கீஸ் கல்லூரியைச் சேர்ந்த எட்வர்ட்ஸ், பற்சக்கரம் போன்ற வளைகோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, எத்தனை கூட்டமானாலும் பார்வைக்கு அழகாக வரைய ஒரு வழியை 1989-ல் வெளியிட்டார். வாழையின் மரபணுக்களை முழுதும் படித்தறிந்த விஞ்ஞானிகள் 2012-ல், வாழை, நெல், பேரீச்சை முதலான ஆறு தாவரங்களுக்குப் பொதுவானவை எவை, தனியானவை எவை என்று காட்டுவதற்கு வென்படமே வரைந்தனர். ஆறுக்கு 64 அறைகள். அவற்றில் ஒரு கூட்டத்தின் எல்லைக்கோட்டை வாழைப்பழ வடிவிலேயே போட்டிருந்தார்கள்.

ஹல் நகரில், அவருடைய தந்தை ஊழியம் செய்த டிரைபூலின் பெயரைத் தாங்கிய பாலத்தின் மேல் 2017-ல் வட்டங்களைத் தீட்டியிருக்கிறார்கள். கீஸ் கல்லூரியின் போஜன மண்டபத்து ஜன்னல் ஒன்றிலும் நிறக் கண்ணாடியால் அமைந்த மூன்று வட்டங்கள் இருக்கின்றன. அவை வெட்டிக்கொள்ளும் அறைகளில் இரண்டிரண்டு நிறங்களும், நடு அறையில் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தெரியும்.